ஒரு மெடிக்கல் சீட்டுக்கு நீ நடந்த நடை

அண்ணா,

நேற்று சாயங்காலம் டூட்டி முடிந்து ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும்போது, பெண்கள் பள்ளிக்கூடத்து வேலியைத் தாண்டி ஒரு ரப்பர் வளையம் பறந்து வந்து என் காலடியில் விழுந்தது. உள்ளே டென்னிகாய்ட் ஆடிக்கொண்டிருந்த பெண்கள் வேலியோரம் ஓடி வந்து, "அக்கா, எடுத்துப் போடுங்கக்கா" என்று கை நீட்டினார்கள். குனிந்து எடுத்தேன். புது வளையம். வெயிலில் கிடந்த சூட்டோடு அந்த ரப்பர் வாசனை உள்ளங்கையில் ஏறிக்கொண்டது. போட்டுவிட்டு வீட்டுக்கு வந்து, கை கழுவாமல் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

நீ போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. இத்தனை நாளும் உனக்கு ஒரு வரி எழுதத் தோன்றவில்லை. எழுதி எங்கே அனுப்புவது என்கிற நினைப்புதான். நேற்று அந்த வாசனைக்குப் பிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை.

என்னை டாக்டராக்க வேண்டும் என்று நீ எப்போது முடிவு செய்தாய் என்பது எனக்குத் தெரியும். அப்போது நைனா ஆஸ்பத்திரியில் இருந்தார். கோலார் தங்கவயலில், மைசூர் மைன்ஸில் பாறையைத் துளைக்கும் மிஷினைத் தோளோடு அணைத்துப் பிடித்தே ஆயுசைக் கழித்தவர். கடைசி வருஷங்களில் அவரால் படுத்துத் தூங்க முடியாது. தலையணைகளை அடுக்கிச் சாய்ந்து உட்கார்ந்தபடியே கண்ணை மூடுவார். மூச்சு உள்ளே போகிற சத்தம் நம்முடைய தட்டிச் சுவரைத் தாண்டி அடுத்த வீட்டுக்குக் கேட்கும். அன்றைக்கு ரவுண்ட்ஸ் வந்த டாக்டரிடம் நீ கேட்டாய், "இதுக்கு மருந்து ஒண்ணும் இல்லீங்களா சார்?" அவர் நர்ஸிடம் இங்கிலீஷில் ஏதோ சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். கெட்ட மனுஷர் இல்லை. அவருக்கு நேரமில்லை.

வீட்டுக்கு வரும் வழியில் நீ என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாய், "அவரு இன்னா சொன்னாருன்னே நமக்குப் புரியல பாரு பாப்பா. நம்ம வூட்ல ஒரு டாக்டர் இருந்தா, அதுவாவது புரியும்."

அவ்வளவுதான் உன் ஆசை. புரிய வேண்டும். குணமாக்க வேண்டும் என்று கூட நீ அன்றைக்குச் சொல்லவில்லை.

நைனா போன பிறகு அவருடைய இடத்தில் உன்னை எடுத்துக்கொண்டார்கள். எஸ்.எஸ்.எல்.சி. எழுத வேண்டிய பையன் தலையில் விளக்கு மாட்டிக்கொண்டு, கேஜ் என்கிற இரும்புக் கூண்டில் சுரங்கத்துக்குள் இறங்கினாய். முதல் நாள் மேலே வந்தபோது உன் கண்ணைத் தவிர எல்லா இடத்திலும் கல் தூசு. அம்மா அழுதாள். நீ சிரித்தபடி, "அழாதம்மா. பாப்பா படிக்கட்டும், நான் இறங்கறேன்" என்றாய். அந்த ஏற்பாட்டை யாரும் என்னிடம் கேட்கவில்லை, உன்னிடமும் கேட்கவில்லை. அப்படி அமைந்துவிட்டது.

நான் நன்றாகப் படித்தேன். பி.யு.சி.யில் பர்ஸ்ட் கிளாஸ் வரும் என்று காலேஜில் எல்லாரும் சொன்னார்கள். அதோடு வேலை முடிந்தது என்றுதான் நான் நினைத்தேன். ஆண்டர்சன்பேட்டையில் அரிசிக் கடை வைத்திருந்த முதலியார்தான் உன்னிடம் விஷயத்தைச் சொன்னார். அவர் மகன் சேகரும் என்னோடு பி.யு.சி. படித்தான், அவனும் மெடிக்கலுக்குத்தான் முயற்சி செய்துகொண்டிருந்தான். கடையிலிருந்து திரும்பிய நீ சட்டையைக் கூடக் கழற்றாமல் என் எதிரே உட்கார்ந்தாய்.

"பாப்பா, மார்க்கு மட்டும் போதாதாம். இன்டர்வியூன்னு ஒண்ணு வெச்சிருக்காங்களாம். அதுல ஆளப் பாத்துத் தனியா மார்க்கு போடுவாங்களாம்."

"ஆளப் பாத்தா இன்னாண்ணா தெரியும்?"

"அதான் எனக்கும் தெரியல. கேட்டுகினு வரேன்."

கேட்க ஆரம்பித்தாய். எவ்வளவு பேரைக் கேட்டாய் அண்ணா! பெங்களூர் போய் வந்தவன் எவனானாலும் அவனை நிறுத்திக் கேட்டாய். ஷாஃப்ட் வாசலில் கேஜுக்குக் காத்திருக்கும்போது சூப்பர்வைசரைக் கேட்டாய். ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். விளையாட்டில் ஏதாவது செய்திருக்க வேண்டும் என்றார் ஒருவர். சமூக சேவை என்றார் இன்னொருவர். இங்கிலீஷ் தடையில்லாமல் வர வேண்டும், பெரிய மனுஷர் யாராவது ஒரு வார்த்தை சொல்ல வேண்டும், நிமிர்ந்து உட்கார வேண்டும், அதிகம் நிமிர்ந்துவிடவும் கூடாது. எது சரி, எது வெறும் பேச்சு என்று பிரித்துப் பார்க்க உனக்கும் வழியில்லை, எனக்கும் இல்லை. அதனால் எல்லாவற்றையும் செய்துவிடுவது என்று நீ தீர்மானித்தாய்.

விளையாட்டுக்குத்தான் அந்த வளையம். பெண்கள் ஆடுவது டென்னிகாய்ட் என்று யாரோ சொல்ல, ராபர்ட்சன்பேட்டை போய் ஒன்று வாங்கி வந்தாய். நம் தொழிலாளர் வீட்டு லைனுக்குப் பின்னால், தங்கம் பிரித்த கழிவு மண் குவிந்த சயனைடு மேட்டின் அடியில் இரண்டு கம்பு நட்டு, நடுவில் கயிறு கட்டினாய். காலை ஷிஃப்ட் முடிந்து வந்து, குளித்து, காக்கி டிரவுசர் போட்டுக்கொண்டு அந்தப் பக்கம் நிற்பாய். ஆட்டத்தின் விதி நம் இருவருக்கும் தெரியாது. நான் காலேஜில் பார்த்து வந்து சொல்லுவேன், நீ தலையாட்டிவிட்டு மறுபடி தப்பாகவே பிடிப்பாய். லைன் ஜனம் முழுக்க வேடிக்கை பார்க்கும். "இன்னாடா, தங்கச்சிக்கு மாப்ள பாக்கற வயசுல ரிங்கு போட்டுகினு இருக்க?" என்று பெரியவர் ஒருவர் கேட்டார். "மாப்ள அப்பால பாக்கலாம் பெரிப்பா, மொதல்ல சீட்டு" என்றாய். ஓடி ஓடி எடுக்கும்போது நடுவில் நிறுத்தி, முழங்காலில் கை ஊன்றிக் குனிந்து நிற்பாய். களைப்பு என்று நினைத்தேன். நீயும் அப்படித்தான் நினைத்திருப்பாய்.

காலேஜ் டீமில் என்னைச் சேர்த்துக்கொண்டார்கள். கோலாருக்குப் போய் முதல் ஆட்டத்திலேயே தோற்றோம். தோற்றாலும் கலந்துகொண்டதற்கு ஒரு சர்டிபிகேட் கொடுத்தார்கள். அதை நீ வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தது இன்னும் கண்ணில் நிற்கிறது.

சமூக சேவைக்கு முதலுதவி வகுப்பு. கட்டுப் போட்டுப் பழக ஆள் வேண்டுமே, நீதான் அந்த ஆள். ஒரு நாள் உன் வலது கையைத் தொட்டில் மாதிரி கழுத்தோடு தூக்கிக் கட்டி முடித்தபோது பக்கத்து வீட்டு அம்மா பார்த்துவிட்டு, சுரங்கத்தில் ஏதோ விபத்து என்று ஓலமிட்டபடி ஓடிப்போனாள். லைனே திரண்டு வந்துவிட்டது. கட்டை அவிழ்த்து, கையை ஆட்டிக் காட்டிய பிறகுதான் கலைந்தார்கள். அன்றைக்கு அம்மா சிரித்த மாதிரி நைனா போன பிறகு சிரித்ததில்லை.

இங்கிலீஷுக்கு மிஸஸ் டோரா. ஆங்கிலோ இந்திய அம்மா, டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவர் வீட்டு ஓட்டுக் கூரையை நீ சரிசெய்து கொடுத்தாய், அவர் வாரத்துக்கு இரண்டு நாள் என்னை எதிரே உட்கார வைத்துப் பேச வைத்தார். நீ வாசற்படியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பாய். கேட்டது சும்மா இல்லை. அங்கே காதில் விழுந்த கேள்விகளை எல்லாம் மனப்பாடம் செய்துகொண்டு வந்து, வீட்டில் இன்டர்வியூ வைத்தாய். நைனாவின் பழைய கோட்டைப் போட்டுக்கொண்டு, மண்ணெண்ணெய்ப் பெட்டியைக் கவிழ்த்து அதன் மேல் உட்கார்ந்து, "வொய் டு யு வான்ட் டு பிகம் எ டாக்டர்?" என்று கேட்பாய். நான் பதில் சொல்லுவேன். சொன்னது சரியா தப்பா என்று உனக்குத் தெரியாது. எதைச் சொன்னாலும், "வெரி குட், நெக்ஸ்ட்" என்பாய்.

அந்த ஒரு கேள்விதான் முக்கியமான கேள்வி என்று எல்லாரும் சொல்லியிருந்தார்கள். அதற்குப் பதிலையும் யாரோ சொல்லிக் கொடுத்திருந்தார்கள், "ஐ வான்ட் டு சர்வ் சஃபரிங் ஹ்யூமானிட்டி." தமிழில் அதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டாய். கஷ்டப்படுகிற மனுஷ ஜாதிக்குச் சேவை செய்ய விரும்புகிறேன் என்றேன்.  "மனுஷ ஜாதின்னா நைனாவும் அதுல வந்துருவாரு இல்ல?" என்றாய். வருவார் என்றேன். "அப்ப சரி."

இதெல்லாம் கூட நம் கையில் இருந்த காரியங்கள். கையில் இல்லாதது பங்காருபேட்டை தாலுகா ஆபீஸ். நான் மைசூர் ராஜ்யத்துப் பெண் என்று ஒரு அத்தாட்சி வாங்க வேண்டியிருந்தது. மாநிலங்களைப் பிரித்துக் கோடு போட்டு வருஷங்கள் ஆகியிருந்தாலும், அந்தக் கோடு நம் வீட்டுக்குள்ளே ஓடுகிறது என்று அதுவரை நமக்குத் தெரியாது. குமாஸ்தா நல்ல மாதிரியாகத்தான் பேசினார்.

"ஹுட்டித்து எல்லிம்மா?" பிறந்தது எங்கே என்றார்.

குடியாத்தம் பக்கம், அம்மாவுடைய ஊரில் என்று நீ சொன்னாய்.

"அப்போ மெட்ராஸ் ஆயித்தல்லா?" மெட்ராஸ் ராஜ்யம் ஆகிவிட்டதே என்றார்.

"பிரசவத்துக்குத் தாய்வூட்டுக்குப் போனாங்க சார். மூணாம் மாசமே வந்துட்டாங்க. படிச்சதெல்லாம் இங்கதான்."

"அதுக்குப் பேப்பர் பேக்கு. நாளைக்கு வாங்க." அதற்குக் காகிதம் வேண்டுமாம்.

அந்த 'நாளைக்கு' எத்தனை நாளைக்கு ஆனது! ஒவ்வொரு தடவையும் உனக்கு ஒரு ஷிஃப்ட் போனது. சாயங்கால ரயிலில் திரும்பும்போது நீ ஜன்னலோரம் உட்கார்ந்து, அடுத்து எந்தக் காகிதம் கேட்பார்கள் என்று விரல் விட்டு எண்ணிக்கொண்டு வருவாய். வீட்டில் அம்மா தன்னைத்தானே நொந்துகொள்வாள். "புள்ள பெக்கத் தாய்வூட்டுக்குப் போனது இன்னா குத்தம்டா? எல்லாரும்தான போறாங்கோ?"  கடைசியில் நான் படித்த பள்ளிக்கூடத்துத் தலைமை ஆசிரியர் எழுதிக் கொடுத்ததை வைத்து அத்தாட்சி வந்தது. வரவில்லையே என்று பதறியதை விட, வந்த பிறகு நீ அதிகம் பயந்தாய். மடித்தால் கிழிந்துவிடுமோ, வியர்வை பட்டால் மை கலையுமோ என்று அதை நைனாவின் போட்டோவுக்குப் பின்னால் வைத்தாய்.

பெரிய மனுஷர் வார்த்தைக்காகவும் ஒரு நாள் போனாய், அது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. மைன்ஸ் அதிகாரி ஒருவரின் பங்களா கேட்டில், துவைத்த சட்டை போட்டுக்கொண்டு நின்றிருக்கிறாய். கார் வந்தது, சலாம் வைத்தாய், கார் உள்ளே போனது. காவல்காரன், "துரை இப்ப பாக்க மாட்டாரு, போங்க" என்றானாம். அந்தச் சட்டையோடேயே நீ மதிய ஷிஃப்ட்டுக்கு இறங்கிவிட்டாய். ஏன் சட்டை பாழாகி வந்தது என்று அம்மா கேட்டதற்கு, "மறந்துட்டேம்மா" என்றாய்.

இன்டர்வியூவுக்கு பெங்களூர் போனோம். அம்மாவுடைய பட்டுப்புடவை எனக்குப் பெரிதாக இருந்தது. நீ யாரிடமோ ஷூ கடன் வாங்கிப் போட்டிருந்தாய், நடக்கும்போது அது டக்டக்கென்று கழன்றது. கல்லூரிக் கட்டிடத்தைப் பார்த்து நிமிர்ந்த உன் கழுத்து வெகுநேரம் இறங்கவில்லை. கூட வந்தவர்கள் வெளியே நிற்க வேண்டும் என்றார்கள். நீ காம்பவுண்டு மரத்தடிக்குப் போனாய், நான் வராந்தாவில் உட்கார்ந்தேன்.

அங்கே எனக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பிள்ளைகள் வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டிருந்தார்கள். காது கொடுத்துக் கேட்டேன். சஃபரிங் ஹ்யூமானிட்டி. பெஞ்சு முழுக்க அந்த ஒரே வாக்கியம்.  முதலியார் மகன் சேகர் எதிர்ப் பெஞ்சில் இருந்தான். பெப்பர்மின்ட் சப்பிக்கொண்டிருந்தவன், எனக்கும் ஒன்று நீட்டினான்.

உள்ளே நீள மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் இருந்தவர் என் காகிதங்களைப் புரட்டினார். "கோலார் தங்கவயலா? தங்கத்தைப் பார்த்திருக்கிறாயா?" என்று இங்கிலீஷில் கேட்டார்.

"இல்லை சார்."

"அங்கேயே பிறந்து வளர்ந்தும் பார்த்ததில்லையா?"

பிறந்து என்றதும் எனக்குப் பங்காருபேட்டை ஞாபகம் வந்துவிட்டது. எங்கே பிறந்தேன் என்று கேட்கிறாரோ, அத்தாட்சியில் ஏதாவது குறையோ என்று பயந்தேன். "வளர்ந்தது அங்கேதான் சார்" என்றேன்.

"உன் அப்பா என்ன செய்தார்?"

"சுரங்கத்தில் வேலை சார். இறந்துவிட்டார்."

"சுரங்கத்தில் வேலை செய்தவருக்குத் தங்கம் தெரியாதா? அப்படியானால் அவர் வெட்டி எடுத்தது என்ன?"

"கல் சார்."

ஒருவர் சிரித்தார். ஓரத்தில் இருந்தவர் ஏதோ எழுதிக்கொண்டார். இன்னொருவர் டென்னிகாய்ட் சர்டிபிகேட்டைப் பார்த்துவிட்டு, அந்த ஆட்டத்தில் சர்வீஸ் எப்படிப் போட வேண்டும் என்று கேட்டார். சொன்னேன். போகலாம் என்றார்கள்.

மரத்தடியிலிருந்து நீ ஓடி வந்தாய். "கேட்டாங்களா? ஹ்யூமானிட்டி சொன்னியா?"

"கேக்கவே இல்லண்ணா."

உன் முகம் எப்படிப் போனது என்று எழுத வரவில்லை. "கேக்கலியா?" என்றாய் மறுபடியும். "இன்னாத்துக்கு டாக்டராவணும்னு கேக்கலியா?" இல்லை என்றேன். கழன்ற ஷூவைக் காலால் இழுத்து மாட்டியபடி கொஞ்ச தூரம் நடந்த பிறகு, "மறந்துருப்பாங்க" என்றாய்.

லிஸ்ட் ஒட்டிய அன்றைக்கு நாம் இருவரும் போனோம். நான் ஒரு தடவை பார்த்தேன், தெரிந்துவிட்டது. நீ நம்பவில்லை. கூட்டம் கலைகிற வரை இருந்து, விரல் வைத்து மேலிருந்து கீழே போனாய், பிறகு கீழிருந்து மேலே வந்தாய். சேகர் பெயர் இருந்தது. அவனைத் தேடிப் பிடித்து, "நம்ம ஊரு புள்ள" என்று அணைத்துக்கொண்டாய். அது வேஷம் இல்லை, உனக்கு நிஜமாகவே சந்தோஷம். பிறகு வாசலில் நின்ற பியூனிடம் போய், "இன்னொரு லிஸ்ட் வருங்களா?" என்று கேட்டாய். வந்தது. அதற்கும் போனோம்.

மறு வருஷம் மறுபடி எழுதிப் போட்டோம். அதே வராந்தா. அந்தத் தடவை தங்கத்தைப் பற்றியும் கேட்கவில்லை, கல்லைப் பற்றியும் கேட்கவில்லை. ஏதேதோ நாட்டின் தலைநகரங்களைக் கேட்டார்கள். எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன். லிஸ்டில் பெயர் இல்லை.

ஏன் இல்லை என்று நமக்கு யாரும் சொல்லவில்லை அண்ணா. சொல்லும் வழக்கம் கிடையாது. மார்க்கு போதவில்லையா, புடவை சரியில்லையா, நான் சொன்ன 'கல்' துடுக்காகப் பட்டதா? நான் எக்ஸ்ரே டெக்னீசியன் பயிற்சிக்குப் போய், மைன்ஸ் ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேர்ந்து, கல்யாணமும் ஆகிவிட்டது. நீ விடவில்லை. என் கல்யாணப் பந்தியில் இலை எடுத்துக்கொண்டிருந்தவன் திடீரென்று பக்கத்தில் வந்து, "அந்த ரிங்கு சர்டிபிகேட்ல சீலு பாதிதான் வுழுந்திருந்துச்சு, கவனிச்சியா பாப்பா?" என்றாய். என் வீட்டுக்காரர் ஒன்றும் புரியாமல் விழித்தார். உனக்கும் கல்யாணமாகி அண்ணி வந்த பிறகு ஒரு நாள், அவள் குழம்பு ஊற்றும்போது, "கல்லுன்னு சொல்லாம தாதுன்னு சொல்லியிருக்கலாமோ?" என்றாய். அண்ணி கரண்டியை அப்படியே பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

நம் லைனில் படிக்கிற பிள்ளைகள் உன்னைத் தேடி வரத் தொடங்கினார்கள். பங்காருபேட்டையில் எந்த ஜன்னல், எந்த ரயிலில் போனால் ஆபீஸ் திறக்கும்போது இருக்கலாம், பெங்களூரில் எங்கே இறங்க வேண்டும், எல்லாம் உனக்கு அத்துப்படி. லீவு போட்டுவிட்டு அவர்களோடு போனாய். இன்ஜினியரிங், மெடிக்கல், பாலிடெக்னிக், எதுவானாலும் மரத்தடியில் நீ நின்றாய். சிலருக்குக் கிடைத்தது, பலருக்குக் கிடைக்கவில்லை. கிடைத்தவர்களையும் நீ நிறுத்தி, "இன்னா கேட்டாங்க, இன்னா சொன்ன?" என்று கேட்டாய். அதிலிருந்து ஒரு வழி புலப்படும் என்று கடைசி வரை நம்பினாய்.

பிறகு உனக்கு இருமல் வந்தது.

நீ என் எக்ஸ்ரே ரூமுக்கு வந்த நாளைச் சொல்ல வேண்டாம் என்று பார்க்கிறேன், சொல்லாமல் இந்தக் கடிதம் முடியாது. சட்டையைக் கழற்றி மிஷின் முன்னால் நின்றாய். தினமும் எத்தனையோ பேரிடம் சொல்லுகிற வார்த்தையை உன்னிடமும் சொன்னேன், "மூச்ச நல்லா இழுத்துப் புடிண்ணா." இழுத்தாய். பிடிக்க முடியவில்லை, இருமல் வந்துவிட்டது. "மறுபடி எடுக்கலாம் பாப்பா, அவசரமில்ல" என்றாய். எனக்கு ஆறுதல் சொல்லுகிற மாதிரி.

பிலிமைக் கழுவி ஈரத்தோடு விளக்கில் மாட்டினேன். எனக்கு யாரும் படித்துச் சொல்ல வேண்டியதில்லை. நெஞ்சின் இரண்டு பக்கமும் சுண்ணாம்பு தெளித்த மாதிரி. நைனாவின் நெஞ்சை நான் பார்த்ததில்லை. இப்படித்தான் இருந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

முதலியார் மகன் சேகர்தான் எங்கள் ஆஸ்பத்திரியில் வார்டு டாக்டர். படித்து முடித்து நம் ஊருக்கே வந்து சேர்ந்திருந்தார். பிலிமைப் பார்த்தார், பெயரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"ஒண்ணும் பண்ண முடியாதா சார்?" என்றேன். பதில் தெரிந்தே கேட்டேன்.

"நீங்களே பாக்கறீங்களே. உள்ள போன கல் தூசிய வெளிய எடுக்க மருந்து கிடையாது. இருமலுக்குக் குடுக்கலாம், மூச்சுக்குக் குடுக்கலாம்." நாற்காலியில் உட்கார்ந்தார். "அந்த வராந்தாவுல நீங்களும் நானும் உட்கார்ந்திருந்தோம் இல்ல? உங்க மார்க்கு என்னுதவிட ஜாஸ்தி. எனக்கு ஏன் கிடைச்சுதுன்னு எனக்கு இன்னைக்கும் தெரியாது. உங்கண்ணன் என்னப் பாக்கறப்பல்லாம் கேப்பாரு, உள்ள இன்னா சொன்னேன்னு. நான் சொன்னது எதுவும் எனக்கே ஞாபகம் இல்ல" என்றார்.

அதை உன்னிடம் நான் சொல்லவில்லை. அதைக் கேட்டால் உனக்கு இன்னும் கஷ்டமாக இருந்திருக்கும்.

கடைசி மாதங்களில் நீயும் உட்கார்ந்தபடியேதான் தூங்கினாய். டூட்டி முடிந்ததும் உன் கட்டிலுக்கு வந்து உட்காருவேன். சேகர் இங்கிலீஷில் நர்ஸிடம் சொல்லுவதை நான் உனக்குத் தமிழில் சொல்லுவேன். ஒரு மத்தியானம் எல்லாவற்றையும் கேட்டு முடித்த பிறகு, மூச்சைச் சேர்த்துச் சேர்த்து நீ கேட்டாய்.

"பாப்பா, நீ டாக்டராயிருந்தா, இதுக்கு இன்னா பண்ணணும்னு உனக்குத் தெரிஞ்சிருக்குமா?"

தெரிந்திருக்கும் என்று சொன்னால், எனக்கு ஒரு சீட்டு வாங்கித் தர முடியாமல் போனதுதான் உன் உயிரைக் கொண்டுபோகிறது என்று நினைப்பாய். தெரிந்திருக்காது, பெரிய டாக்டருக்கும் தெரியாது என்று சொன்னால், அந்தக் கயிறும் வளையமும் பங்காருபேட்டை ரயிலும் பங்களா கேட்டும் எதற்கு என்று ஆகிவிடும். இரண்டில் எதை உன் கையில் கொடுப்பது?  டம்ளரை எடுத்து உன் வாயில் வைத்தேன். இரண்டு மிடறு குடித்தாய். அதோடு அந்தப் பேச்சு போயிற்று. நீயும் மறுபடி கேட்கவில்லை.

அதற்குப் பிறகு நீ நெடுநாள் இருக்கவில்லை. உன்னைத் தூக்கிக்கொண்டு போனபோது, நீ பெங்களூருக்குக் கூட்டிப்போன பிள்ளைகளில் பலர் வந்திருந்தார்கள். சிலர் வேலைக்குப் போன இடத்திலிருந்து வந்திருந்தார்கள். சிலர் அன்றைய ஷிஃப்ட் முடிந்து, குளிக்காமல் வந்து நின்றார்கள்.

போன மாதம் நம் பழைய லைனிலிருந்து ஒருவர் என் வீட்டுக்கு வந்தார். மகள் பி.யு.சி. முடித்திருக்கிறாள், பெங்களூரில் இன்டர்வியூவுக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள், அவருக்கு ஷிஃப்ட். "உங்கண்ணன் இருந்தா கூடப் போயிருப்பாரு" என்று சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். "நான் போறேங்க" என்றேன். யோசித்துச் சொன்னதில்லை, வாயில் வந்துவிட்டது.

லட்சுமி என்று பெயர். ரயிலில் வழி முழுக்க அவள் உதடு அசைந்துகொண்டே வந்தது. என்ன சொல்லிப் பார்க்கிறாய் என்று நான் கேட்கவில்லை. உள்ளே போனாள். நான் மற்ற அப்பா அம்மாக்களோடு வெளியே நின்றேன். உனக்கு இது எப்படி இருந்திருக்கும் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. உள்ளே இருப்பது பரவாயில்லை அண்ணா. வெளியே நிற்பவர்களுக்கு எதுவுமே செய்வதற்கில்லை.

அவள் வெளியே வந்து நேராக என்னிடம் வந்தாள். "கடைசியா ஒண்ணு கேட்டாங்கக்கா. நான் இன்னாவோ சொல்லிட்டேன்." கேள்வியையும் தன் பதிலையும் சொன்னாள். எனக்கு அது நல்ல பதிலாகத்தான் பட்டது. அவர்களுக்கு எப்படிப் பட்டதோ.

"நான் சொன்னது சரியாக்கா?"

உன்னிடம் சொல்ல முடியாமல் போன வார்த்தை அப்போது வந்தது. "தெரியல கண்ணு" என்றேன். அவள் என் முகத்தையே பார்த்தாள். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டாள், ஸ்டேஷன் வரைக்கும் விடவில்லை.

லிஸ்ட் இன்னும் ஒட்டவில்லை. ஒட்டுகிற அன்றைக்கு அவளோடு நானும் போவேன். ஆஸ்பத்திரியில் லீவு சொல்லி வைத்திருக்கிறேன்.

உன்
பாப்பா